பாட் டைம் டீச்சருக்கு மெடிக்கல் இன்சூரன்ஸ் இல்லையாம், பட்ஜெட் தாங்காதுன்னு சொல்றாங்க. என்ன செய்யலாம்?

கொட்டாஞ்சேனை மிஸ்:

எல்லாருக்கும் வணக்கம். கொழும்புல ஒரு பிரைவேட் இன்டர்நேஷனல் ஸ்கூல்ல பாட் டைமா படிப்பிக்கிறேன், ஸ்கூல் பேர் போடல, இங்க எல்லாருக்கும் எல்லாரையும் தெரியும். தமிழும் சமயமும் எடுக்கிறேன், கிழமைக்கு 20 பீரியட், ஒரு பீரியடுக்கு 600 ரூபா. முழுசா பாடம் நடக்கிற மாசத்துல 48,000 வரும். ஏப்ரல், ஆகஸ்ட், டிசம்பர் லீவுல ஒண்ணும் வராது. இப்படியே மூணு வருசம் ஓடிருச்சு.

சேரும்போது "ஆறு மாசம் போகட்டும் மிஸ், உங்களையும் இன்சூரன்ஸ்ல போட்டுருவோம்"னு வாயால சொன்னாங்க. எழுத்துல ஒண்ணும் தரல, நானும் கேக்கல. அப்ப எனக்கு உடம்புல ஒரு வருத்தமும் இருக்கல, அதனால அது பெருசாத் தோணல.

பெப்ரவரியில ஒரு நாள் ராத்திரி ரெண்டு மணிக்கு இடுப்புல வலி எடுத்துச்சு, தம்பி ஓட்டோ புடிச்சு பக்கத்துல இருந்த ஒரு பிரைவேட் ஹொஸ்பிட்டலுக்கு கொண்டு போனான், கிட்னியில கல்லுன்னு சொல்லி ரெண்டு நாள் வச்சிருந்தாங்க. ஸ்கேன், டிரிப், டொக்டர் காசு எல்லாம் சேத்து 1,42,000. அம்மாவோட வளையல் ரெண்டையும் அடகு வச்சுத்தான் கட்டினோம்.

திங்கக்கிழமை பில் எல்லாத்தையும் ஒரு ஃபைல்ல போட்டுக்கிட்டு ஸ்கூல் ஒபிஸுக்குப் போனேன். அங்க இருக்கிற பிள்ளை நல்ல பிள்ளை, உடனே லாச்சியத் திறந்து கிளைம் ஃபோம் ஒண்ண எடுத்து, பேனாவையும் எடுத்து, "மிஸ் உங்க ஸ்டாஃப் நம்பர் சொல்லுங்க"ன்னு கேட்டா. எனக்கு நம்பர் இல்ல. நம்பர் இல்லன்னு சொன்னதும் ஒரு நிமிசம் என்னையே பாத்துட்டு, அந்த ஃபோமத் திருப்பி லாச்சிக்குள்ளயே வச்சிட்டா. 1,42,000ஐ விட அந்த லாச்சி மூடின சத்தம்தான் எனக்கு இன்னும் காதுல கேக்குது.

பிறகு மேல கேட்டப்ப, பாட் டைம் ஸ்டாஃப் 12 பேரையும் போட்டா ப்ரீமியம் ஏறிடும், இந்த வருச பட்ஜெட் தாங்காதுன்னு சொன்னாங்க. எனக்குப் பக்கத்து கிளாஸ் பெர்மனன்ட் மிஸ்ஸுக்கு 24 பீரியட். எனக்கும் அவங்களுக்கும் நாலு பீரியட்தான் வித்தியாசம், அவங்களுக்கு கண்ணாடிக்குக் கூட காசு குடுக்கிறாங்க.

இப்ப அரசாங்க ஆஸ்பத்திரி கிளினிக்குக்கு மாறிட்டேன், காசு இல்ல, டொக்டர்மார் நல்லாத்தான் பாக்கிறாங்க, ஆனா கிளினிக் நாள்ல விடியவே போய் நிக்கணும், அன்னைக்கு எனக்கு நாலு பீரியட் போயிடும், அதாவது 2,400 ரூபா.

என் கேள்வி என்னன்னா, பாட் டைம் ஆளுக்கும் இன்சூரன்ஸ் குடுக்கணும்னு சட்டம் ஏதாவது இருக்கா? இல்லன்னா எப்படிக் கேக்கிறது? வேலையும் போயிடக் கூடாது, வேற ஸ்கூல் தேடுற நிலைமையில நான் இல்ல.

---

வெள்ளவத்தைக் கணக்கர்:

தங்கச்சி, நான் 20 வருசத்துக்கு மேல பிறைவேட் பள்ளிக்கூடக் கணக்கு பாத்தனான், இப்ப ரிட்டயர் ஆயிட்டன். வாசிக்க மனசுக்குக் கஷ்டமா இருந்தது.

முதல் உங்கட கேள்விக்கு மறுமொழி. மெடிக்கல் இன்சூரன்ஸ் குடுக்கத்தான் வேணும் எண்டு பிறைவேட் முதலாளிக்கு இலங்கையில சட்டம் இல்லை. பாட் டைமுக்கும் இல்லை, பெர்மனன்டுக்கும் இல்லை. அது நிர்வாகம் விரும்பிக் குடுக்கிறது. அரசாங்க உத்தியோகத்தருக்கு தேசிய காப்புறுதி நம்பிக்கை நிதியம் நடத்திற அக்ரஹார எண்ட மெடிக்கல் இன்சூரன்ஸ் இருக்கு, அது உங்களுக்கு வராது.

ஆனா நீங்கள் கேக்காத ஒரு விசயம் இருக்கு, அதுதான் பெரிசு. நீங்கள் எழுதினதில ஈபிஎஃப் (ஊழியர் சேமலாப நிதி), ஈடிஎஃப் (ஊழியர் நம்பிக்கை நிதி) பற்றி ஒரு சொல்லும் இல்லை. ஸ்டாஃப் நம்பர் இல்லை எண்டா ஈபிஎஃப் நம்பரும் இல்லை எண்டுதான் நான் நினைக்கிறன். சரியோ?

ஈபிஎஃப் 1958ஆம் ஆண்டு 15ஆம் இலக்கச் சட்டம். முதலாளி 12 வீதம், தொழிலாளி 8 வீதம். ஈடிஎஃப் 1980ஆம் ஆண்டு 46ஆம் இலக்கச் சட்டம், முதலாளி மட்டும் 3 வீதம். இதில பெர்மனன்ட், தற்காலிகம், பாட் டைம் எண்டு ஒரு வேறுபாடும் கிடையாது. வேலைக்கு வந்த முதல் நாளில இருந்து கட்ட வேணும். ஆறு மாசம் போகட்டும் எண்டு சொல்லுறது இதுக்குப் பொருந்தாது.

உங்கட கணக்கையே போட்டுப் பாருங்கோ. 48,000த்தில 12 வீதம் 5,760. மூண்டு வீதம் 1,440. மாசம் 7,200 ரூபா முதலாளி உங்கட பேரில கட்டியிருக்க வேணும். லீவு மாசம் மூண்டையும் கழிச்சு வருசத்துக்கு ஒன்பது மாசம் எண்டு எடுத்தாலும் 64,800. மூண்டு வருசத்துக்கு 1,94,400. உங்கட ஆஸ்பத்திரி பில்லை விட 52,400 கூட. இன்சூரன்ஸைக் கேட்டா அவை இல்லை எண்டலாம், இதைக் கேட்டா இல்லை எண்டு சொல்ல ஏலாது.

இனி பட்ஜெட் கதை. பள்ளிக்கூடம் சொல்லுறது முழுப் பொய்யும் இல்லை, அதையும் விளங்கிக் கொள்ளுங்கோ, அப்பதான் மேசையில இருந்து கதைக்கலாம். குரூப் பொலிசி ஒண்டின்ர ப்ரீமியம் ஒவ்வொரு வருசமும் ரினியூ பண்ணேக்க போன வருசம் எவ்வளவு கிளைம் போச்சுது எண்டு பாத்துத்தான் தீர்மானிக்கிறது. 40 பேர் இருக்கிற இடத்தில ஒருத்தருக்கு பைபாஸ் செய்தா அடுத்த வருச கோட் (இன்சூரன்ஸ் கொம்பனி எழுதித் தாற விலை) வரேக்க கண்ணைக் கட்டும். 2022இல ரூபா விழுந்த பிறகு மருந்து, ஸ்டென்ட், லேப் சாமான் எல்லாம் இறக்குமதி விலைக்குப் போச்சு, ஹொஸ்பிட்டல் பில்லும் ஏறிச்சு, ப்ரீமியமும் ஏறிச்சு. ஸ்கூல் ஃபீஸை அதே வேகத்தில ஏத்த ஏலாது, ஏத்தினா பிள்ளையளைத் தாய் தகப்பன் வேற இடத்துக்குக் கொண்டு போயிடுவினம்.

ஆனா காசு எங்க போகுது எண்டு பாத்தா அனேகமா ஓபிடியிலதான், அதாவது வார்டில படுக்காம எடுக்கிற மருந்துச் செலவு. ஓபிடி லிமிட் ஆளுக்கு 20,000 எண்டு வையுங்கோ (சும்மா ஒரு உதாரணத்துக்கு), அதை ஏறக்குறைய எல்லாரும் முடிப்பினம், கண்ணாடி, பல்லு, சளி, பிள்ளையின்ர மருந்து எண்டு. எல்லாரும் எடுப்பினம் எண்டு கொம்பனிக்குத் தெரியும், அதால அந்த 20,000ஐயும் தங்கட செலவையும் சேத்துத்தான் ப்ரீமியத்தில போடுவான். ஆஸ்பத்திரியில படுக்கிற கவர் அப்பிடி இல்லை, 40 பேரில வருசத்துக்கு ஒரு சிலர்தான் படுப்பினம், அதால கவர் தொகை பெரிசா இருந்தாலும் தலைக்கு விழுற ப்ரீமியம் சின்னன்.

அதால ஒருக்காலும் "பெர்மனன்ட் ஆக்களுக்குக் குடுக்கிறதெல்லாம் எங்களுக்கும் தாங்கோ" எண்டு போகாதேங்கோ. "ஓபிடி வேண்டாம், கண்ணாடி வேண்டாம், வார்டில படுத்தா மட்டும் கவர் பண்ணுற மாதிரி எங்கள் 12 பேருக்கும் ஒரு கோட் எடுத்துத் தாங்கோ, ப்ரீமியத்தில ஒரு பங்கு நாங்களும் கட்டுறம்" எண்டு கேளுங்கோ. பட்ஜெட் இல்லை எண்டு சொல்லுறவைக்கு முன்னால ஒரு சின்ன இலக்கத்தை வைக்க வேணும்.

இன்னொண்டு, 12 பேரும் சேர வேணும். வருத்தம் உள்ள நாலு பேர் மட்டும் சேர்றம் எண்டா எந்தக் கொம்பனியும் நல்ல ரேட் தராது.

---

கொட்டாஞ்சேனை மிஸ்:

சேர், உங்களுக்கு எப்படி நன்றி சொல்றதுன்னு தெரியல. நீங்க சொன்னது சரி, ஈபிஎஃப் இல்ல. மாசக் கடைசியில ஒரு வவுச்சர்ல கையெழுத்து வாங்கிட்டு காசு தருவாங்க, பே ஸ்லிப் கிடையாது. எனக்குத் தந்த லெட்டர்ல "விசிட்டிங் டீச்சர்"னு போட்டிருக்கு. விசிட்டிங்னா ஈபிஎஃப் இல்லன்னு போன வருசம் ஒரு மிஸ்ஸுக்கு சொன்னாங்களாம். அது உண்மையா?

---

மருதானைக்காரன்:

மிஸ், நான் ஒரு கொம்பனியில ஹெச்ஆர் வேலை, ஈபிஎஃப் பைல்தான் எனக்கு அன்றாட வேலை. லெட்டர்ல என்ன பேர் போட்டிருக்குங்கிறத விட வேலை எப்படி நடக்குதுங்கிறதுதான் முக்கியம். டைம் டேபிள் யார் போடுறது? ஸ்கூலா நீங்களா? சைன் புக்ல கையெழுத்து வைக்கிறீங்களா? வராட்டி லீவு கேக்கணுமா? சிலபஸ், பரீட்சைப் பேப்பர், ரிப்போர்ட் கார்ட் எல்லாம் ஸ்கூல் சொல்ற மாதிரியா? இதுக்கெல்லாம் ஆமான்னா நீங்க ஊழியர்தான். உண்மையான விசிட்டிங்னா வருசத்துல ரெண்டு தரம் வந்து ஒரு செமினார் செஞ்சு பில் குடுத்துட்டுப் போற ஆள்.

விசிட்டிங்னு ஏன் எழுதுறாங்கன்னா, ஊழியர்னு எழுதினா சம்பளத்துக்கு மேல 15 வீதம் கட்டணும், சேவைக் கட்டணம்னு எழுதினா அது மிச்சம். மாசம் ஒரு லட்சத்துக்கு மேல போனாத்தான் 5 வீத வரி வெட்டுற பிரச்சினையும் வரும், உங்க தொகைக்கு அதுவும் இல்ல, அதனால பேப்பர்ல எந்தத் தடமும் இல்லாம போயிடுது.

நீங்க இன்னைக்கே செய்ய வேண்டியது ஒண்ணு. சைன் புக் பக்கம், டைம் டேபிள், வவுச்சர், ரிலீஃப் கிளாஸுக்குப் போகச் சொன்ன வாட்ஸ்அப் மெசேஜ், எல்லாத்தையும் போன்ல படம் எடுத்து மெயில்ல போட்டு வைங்க. சண்டைக்குப் போறதுக்கு இல்ல, கேக்கப் போகும்போது கையில இருக்கணும். மூணு வருச சைன் புக் எப்ப குப்பைக்குப் போகும்னு யாருக்கும் தெரியாது.

கேட்டும் செய்யலன்னா லேபர் ஒபிஸ்ல முறைப்பாடு குடுக்கலாம், தலைமை ஒபிஸ் நாரஹேன்பிட்டயில இருக்கு, ஈடிஎஃப் சபையும் நாரஹேன்பிட்டயிலதான். காசு பிந்திக் கட்டினா மேலதிகக் கட்டணம் இருக்கு, நாள் போகப் போக ஏறும், 12 மாசத்துக்கு மேல பிந்தினா 50 வீதம் வரைக்கும் போகும். கணக்கு பாக்கிற ஆளுக்கு இது நல்லாத் தெரியும், அதனால மெதுவா, மரியாதையா ஞாபகப்படுத்தினாலே அனேகமா வேலை நடக்கும்.

இன்னொரு காரணமும் இருக்கு, உங்க நோய் விசயத்துக்கும் இது சம்பந்தம். ஈடிஎஃப் வெறும் சேமிப்பு இல்ல. காசு விழுற உறுப்பினருக்கு இருதய ஒபரேஷன், கிட்னி மாத்துறது, கண்ணுக்கு லென்ஸ் போடுறது இதுக்கெல்லாம் உதவித் தொகை இருக்கு, செத்துப் போனா குடும்பத்துக்கு ஆயுள் காப்புறுதி இருக்கு. ஈபிஎஃப்ல 10 வருசம் காசு கட்டி, கணக்குல 3 லட்சத்துக்குக் குறையாம இருந்தா, வீட்டுக்கோ வைத்தியத்துக்கோ 30 வீதம் வரைக்கும் எடுக்கலாம், ஆகக் கூடினது 20 லட்சம். அந்த 10 வருசம் எண்ணத் தொடங்கணும்னா முதல் மாசக் காசு விழணும். உங்களுக்கு மூணு வருசம் எண்ணப்படாம போயிருக்கு.

பெரிய ஒபரேஷன்னு வந்தா ஜனாதிபதி நிதியமும் இருக்கு, முந்தி கொழும்புக்கே வரணும், 2025 பெப்ரவரியில இருந்து பிரதேச செயலகத்துலயே விண்ணப்பம் குடுக்கலாம்.

---

ரத்மலானை நேர்சரி:

நான் மற்றப் பக்கத்து ஆள், சின்ன நேர்சரி ஒண்ணு நடத்துறேன், ஒன்பது டீச்சர், அதுல அஞ்சு பேர் அரை நாள். 2022ல இருந்து ஃபீஸ் நிலுவை கட்டாத வீடு எத்தனைன்னு எனக்குத் தெரியும், பிள்ளைய வெளிய நிப்பாட்டவும் மனசு வராது. வாடகை, கரன்ட் பில் கட்டி முடிச்சாத்தான் சம்பளம். இன்சூரன்ஸ் கோட் எடுத்துப் பாத்தேன், ஒன்பது பேருக்கு ஒரு கொம்பனியும் நல்ல விலை சொல்லல.

ஆனா ஈபிஎஃப் நான் அஞ்சு பேருக்கும் கட்டுறேன். அதுக்கு பட்ஜெட் இல்லன்னு ஒரு ஸ்கூல் சொன்னா ஏத்துக்க முடியாது. அது சம்பளத்தோட ஒரு துண்டு, செலவுல மிச்சம் வந்தாக் குடுக்கிற சாமான் இல்ல. மிஸ் தைரியமாக் கேளுங்க.

---

தெஹிவளை அக்கா:

இதை வாசிக்கேக்க என்ர தங்கச்சின்ர கதை ஞாபகம் வந்தது, கொஞ்சம் நீளமா எழுதிறன், பொறுத்துக் கொள்ளுங்கோ, உங்களுக்கு உதவும் எண்டுதான் எழுதிறன்.

அவள் அமெரிக்காவில ஒரு பப்ளிக் ஸ்கூல்ல உதவி டீச்சர் மாதிரி, விசேட தேவை உள்ள பிள்ளையளோட கூட இருந்து பாக்கிறது. அங்க பள்ளிக்கூடங்களை நடத்திறது ஸ்கூல் டிஸ்ட்ரிக்ட் எண்டு ஒரு சபை. எங்கட கல்வி வலயம் மாதிரி இல்லை, அதுக்கெண்டு சொந்த போர்ட், சொந்த பட்ஜெட், வீட்டு வரியில இருந்து வாற பங்கு, மாநிலம் குடுக்கிற பங்கு. கொவிட் காலத்தில மத்திய அரசாங்கம் குடுத்த விசேட காசு 2024 செப்டெம்பரோட முடிஞ்சுது, அதுக்குப் பிறகு கன டிஸ்ட்ரிக்ட்டுக்குக் கை இறுகிப் போச்சு.

அங்க எங்கட மாதிரி இல்லை, சட்டமே இருக்கு. ஒபாமா 2010இல கையெழுத்து வச்ச சட்டம், முழுநேரக் கணக்குக்கு 50 பேரும் அதுக்கு மேலயும் வேலைக்கு வச்சிருக்கிற இடம், கிழமைக்கு சராசரியா 30 மணித்தியாலம் வேலை செய்யிற ஆளுக்கு இன்சூரன்ஸ் தர முன்வர வேணும், இல்லாட்டி தண்டம் கட்ட வேணும். தண்டம் 2015இல இருந்து நடைமுறை. கேக்க நல்லாத்தானே இருக்கு?

என்ன நடந்தது எண்டா, அவள் 32 மணித்தியாலம் செய்து கொண்டிருந்தவள். ஜூன் மாசம் லெட்டர் வந்தது, அடுத்த வருசத்துக்கு 28 மணித்தியாலம் எண்டு. வேலை குறையேல்லை, பிள்ளையளும் குறையேல்லை. 30க்குக் கீழ போனா இன்சூரன்ஸ் தேவை இல்லை, அவ்வளவுதான். 2025இல அங்க வேலை இடத்து இன்சூரன்ஸ் ஒரு தனி ஆளுக்கு வருசத்துக்கு சராசரி 9,325 டொலர், குடும்பத்துக்கு 26,993 டொலர். அந்த இடத்து பட்ஜெட்டில உதவியாளர் பத்துப் பேரின்ர மணித்தியாலத்தை வெட்டினா எவ்வளவு மிச்சம் எண்டு யோசிச்சுப் பாருங்கோ. சம்பளத்தில வெட்டின நாலு மணித்தியாலக் காசை விட இன்சூரன்ஸ் காசுதான் அவைக்குப் பெரிய லாபம்.

அவள் பாக்கிற பிள்ளையில ஒரு பெடியன், கதைக்க மாட்டான், சத்தம் கேட்டா காதைப் பொத்திக் கொண்டு நிலத்தில இருந்திடுவான். மூண்டு மணிக்கு இவள்தான் கையைப் பிடிச்சு பஸ் வரைக்கும் கொண்டு போறவள். இப்ப இவளின்ர நேரம் ரெண்டேகாலுக்கு முடியுது. மூண்டு மணிக்கு ஆர் கொண்டு போகினம் எண்டு கேட்டன், "ஒவ்வொரு நாளும் ஒவ்வொருத்தர் அக்கா, அவன் அழுறானாம்" எண்டாள். ரெண்டு பேரும் போனில கொஞ்ச நேரம் ஒண்டும் கதைக்கேல்லை.

ஒரு நல்ல விதியும் அங்க இருக்கு. கோடை லீவு மாசங்களை பூச்சியம் எண்டு போட்டு சராசரியைக் குறைச்சு, "நீ 30 செய்யேல்லை" எண்டு சொல்ல பள்ளிக்கூடங்களுக்கு விடுறதில்லை. உங்களுக்கு ஏப்ரல், ஆகஸ்ட், டிசம்பர் மூண்டும் ஒண்டும் இல்லாமப் போகுது எண்டு எழுதியிருந்தீங்கள், அதால சொல்லுறன்.

நான் சொல்ல வாறது இதுதான். 24 பீரியட் எண்டா இன்சூரன்ஸ், 23 எண்டா இல்லை எண்டு ஒரு கோடு இருக்கிற வரைக்கும், நிர்வாகம் ஆளை அந்தக் கோட்டுக்குக் கீழதான் வச்சிருக்கும். உங்களுக்கு 20 பீரியட் வந்ததுக்கும் அது ஒரு காரணமா இருக்கலாம். அதால "20க்கு மேல செய்யிற ஆக்களுக்குத் தாங்கோ" எண்டு மட்டும் கேட்டிடாதேங்கோ தங்கச்சி. அடுத்த டேர்ம் எல்லாருக்கும் 19 பீரியட் வரும்.

---

வெள்ளவத்தைக் கணக்கர்:

தெஹிவளை அக்கா சொன்னது சரியான பொயின்ட், நான் அதைச் சொல்ல விட்டிட்டன். ஈபிஎஃப் ஏன் நல்ல சட்டம் எண்டா அதில கோடு இல்லை. 5 பீரியட் எண்டாலும் 12 வீதம், 25 பீரியட் எண்டாலும் 12 வீதம். பீரியடை வெட்டி முதலாளி மிச்சம் பிடிக்க வழியில்லை.

இன்சூரன்ஸையும் அதே மாதிரி கேட்கலாம். பெர்மனன்ட் ஆளுக்கு 24 பீரியட் எண்டா, 20 செய்யிற ஆளுக்கு ப்ரீமியத்தில 24இல 20 பங்கு பள்ளிக்கூடம் கட்டட்டும், மிச்சத்தை ஆள் கட்டட்டும். 12 பீரியட் ஆளுக்கு அரைவாசி. கணக்குப் பிரிவுக்கு இது ஒரு எக்ஸெல் கட்டம், அவ்வளவுதான். ரினியூவல் திகதி எப்ப எண்டு முதல் கேளுங்கோ. நடு வருசத்தில போய்க் கேட்டா "பாப்பம்" எண்டுதான் சொல்லுவினம், ரினியூவலுக்கு ரெண்டு மாசத்துக்கு முன்னம், பட்ஜெட் எழுதிற நேரத்தில கேட்டாத்தான் கோட்டோட சேத்துப் போடலாம்.

தனியா ஒரு பொலிசி எடுக்கலாமோ எண்டும் யோசிப்பீங்கள். எடுக்கலாம், ஆனா உங்களுக்கு இப்ப கல்லு இருக்கு எண்டு ரெக்கோட்டில இருக்கு, தனி பொலிசியில பழைய வருத்தத்தை அனேகமா விலக்கித்தான் தருவினம். மறைச்சு மட்டும் எழுதாதேங்கோ, கிளைம் பண்ணேக்க ஆஸ்பத்திரி ரெக்கோட்டைப் பாத்து முழுசா மறுத்திடுவினம். குரூப்பில அந்தச் சிக்கல் குறைவு.

---

வட கொழும்பு தொண்டர் ஆசிரியை:

நான் அரசாங்க ஸ்கூல்ல தொண்டர் ஆசிரியையா நாலு வருசம். பாடசாலை அபிவிருத்திச் சங்கம் பெற்றோர்கிட்ட சேக்கிற காசுல மாசம் ஒரு கொடுப்பனவு தருது. நியமனம் இல்ல, அதனால அக்ரஹார இல்ல. அதே ஸ்டாஃப் ரூம்ல பக்கத்துக் கதிரையில இருக்கிற டீச்சருக்கு எல்லாம் இருக்கு. அபிவிருத்திச் சங்கத்தைக் குறை சொல்ல மாட்டேன், அவங்களும் கஷ்டப்பட்ட பெற்றோர்தான், நூறு இருநூறா சேத்துத்தான் எனக்குத் தராங்க. எங்க விசயத்தையும் யாராவது எழுதணும்னுதான் இதப் போட்டேன். மிஸ்ஸுக்கு நல்லது நடக்கட்டும்.

---

கொட்டாஞ்சேனை மிஸ்:

எல்லாருக்கும் ஆறு கிழமைக்குப் பிறகு வந்து எழுதுறேன், மன்னிக்கணும், டேர்ம் டெஸ்ட் பேப்பர் திருத்துற நேரம்.

முதல்ல போட்டோ எல்லாம் எடுத்தேன். சைன் புக்கப் புரட்டிப் பாத்தா மூணு வருசத்துல நான் ஒன்பது நாள்தான் வராம இருந்திருக்கேன், அதுல அஞ்சு நாள் கல்லு வலிக்கு. பிறகு மத்த பாட் டைம் ஆக்கள்கிட்ட பேசினேன். மியூசிக் சேர் மட்டும் வேணாம்னுட்டார், அவருக்கு வேற இடத்துல பெர்மனன்ட் வேலை இருக்கு. மிச்சம் 11 பேரும் ஒரு தாள்ல பேர் எழுதி கையெழுத்து வச்சாங்க. ஆர்ட் மிஸ்ஸுக்கு 58 வயசு, 14 வருசமா இங்க பாட் டைம், அவங்களுக்கும் ஈபிஎஃப் இல்ல. 14 வருசம். அவங்க கையெழுத்து வைக்கும்போது கை நடுங்கிச்சு, "எனக்கு எழுவது வயசு வரைக்கும் பிரஷ் பிடிக்க ஏலாது மகள்"னு சொன்னாங்க.

பிரின்சிபல்கிட்ட நான், ஆர்ட் மிஸ், இன்னொரு மிஸ் மூணு பேரும் போனோம். சண்டை ஒண்ணும் இல்ல. கணக்கர் சேர் சொன்ன 5,760, 1,440 ரெண்டையும் ஒரு தாள்ல எழுதிட்டுப் போய் வச்சேன். அவங்க கொஞ்ச நேரம் அதையே பாத்துட்டு எக்கவுண்டன்டக் கூப்பிட்டாங்க. அவர் வந்து தாளப் பாத்ததும் விசிட்டிங்கிற கதைய எடுக்கவே இல்ல.

இந்த மாசத்துல இருந்து 11 பேருக்கும் ஈபிஎஃப், ஈடிஎஃப் கட்டுறதா ஒத்துக்கிட்டாங்க. பழைய நிலுவைய பகுதி பகுதியாக் கட்டுறதுன்னு பேசினாங்க, எழுத்துல தாங்கன்னு கேட்டிருக்கோம், இன்னும் வரல, வரும் வரைக்கும் எந்தப் பேப்பர்லயும் கையெழுத்து வைக்கிறதில்லன்னு எங்களுக்குள்ள முடிவு. வார்ட் கவர் மட்டும் போட்ட கோட் ஒண்ணு டிசம்பர் ரினியூவலோட எடுத்துப் பாக்கிறோம்னு சொன்னாங்க, பீரியட் கணக்குப்படி பங்கு கட்டுற யோசனையச் சொன்னப்ப எக்கவுண்டன்ட் சேர் அதக் குறிச்சுக்கிட்டார். கிடைக்குமா கிடைக்காதான்னு டிசம்பர்லதான் தெரியும், அப்ப வந்து எழுதுறேன்.

நேத்து ஒபிஸ் பிள்ளை ஈபிஎஃப்ல பேர் பதியிற ஏபிஎச் படிவம் கொண்டு வந்து தந்தா. அதே மேசை, அதே லாச்சியில இருந்து எடுத்தா. பின்னுரித்தாளர்னு, எனக்குப் பிறகு காசு யாருக்குன்னு எழுத, ஒரு இடம் இருந்துச்சு, அம்மா பேரை எழுதினேன்.